தீக்காயப் பிரிவில் கல்லீரலும் தூக்க மருந்தும்

நம் சங்க இதழில் தீபாவளிச் சமயத்தில் பட்டாசு எச்சரிக்கை வருவது வழக்கம். கேஸ் அடுப்பு, குக்கர், கெய்ஸர் பற்றியும் பலர் எழுதிவிட்டார்கள். விபத்து நடந்து, ஆளை ஐ.சி.யு.வில் சேர்த்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. இந்தியாவில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் நடுத்தர அல்லது கடுமையான தீக்காயம் அடைவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே இது நமக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் டீசல் ஷெட்களில் காலம் கழித்தவன். எங்கள் காலனியில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இந்தச் சோதனை வந்தபோது, ஹிந்தி சரளமாகத் தெரிந்தவன் என்பதால் டாக்டர்கள் சொல்வதை மொழிபெயர்க்கப் போனேன். “காயம் நெஞ்சிலும் கையிலும்தானே மாமா, கல்லீரல் கெட்டுப்போச்சுன்னு ஏன் சொல்றாங்க? நாலு நாளா ஏன் எழுப்பவே மாட்டேங்கறாங்க?” என்று அந்தப் பெண் கேட்டார். அன்று என்னால் சரியாக விளக்க முடியவில்லை. பிறகு டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன்.

தோலில் தீ, பாதிப்பு உடல் முழுவதும்

தீக்காயத்தின் அளவை உடல் பரப்பில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடுகிறார்கள். பெரியவர்களுக்குத் தலை 9, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, முன்னுடல் 18, முதுகுப்புறம் 18, பிறப்புறுப்பு 1. கூட்டினால் நூறு வரும். நோயாளியின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை ஏறக்குறைய 1 சதவீதம்.

காயம் சுமார் 20 சதவீதத்தைத் தாண்டினால் அது தோல் வியாதியாக நிற்பதில்லை. உடல் முழுவதும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. ரத்தத்தில் உள்ள நீரும் ஆல்புமின் என்ற புரதமும் வெளியேறித் திசுக்களில் தேங்குகின்றன. முகமும் கைகால்களும் வீங்குவது இதனால்தான். குழாய்க்குள் ரத்தம் குறைவதால் அழுத்தம் இறங்குகிறது. இதை ஈடுகட்டவே முதல் நாள் பாட்டில் பாட்டிலாக டிரிப் ஏற்றுகிறார்கள். ஒரு கிலோ எடைக்கு, ஒரு சதவீதக் காயத்துக்கு 2 முதல் 4 மில்லி என்பது தொடக்கக் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 40 சதவீதக் காயம் என்றால் 24 மணி நேரத்தில் 4,800 முதல் 9,600 மில்லி வரை. இதில் பாதியை, காயம் பட்ட நேரத்திலிருந்து முதல் 8 மணிக்குள் ஏற்ற வேண்டும். மணிக்கு எவ்வளவு சிறுநீர் போகிறது என்று பார்த்து இதைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்கிறார்கள்.

கல்லீரல் என்னும் யார்டு

கல்லீரலின் எடை சுமார் ஒன்றரைக் கிலோ. இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு இதன் வழியே போகிறது. குடலிலிருந்து வரும் ரத்தமெல்லாம் முதலில் இங்கேதான் சேருகிறது. பெரிய ஜங்ஷனில் உள்ள யார்டை நினைத்துக்கொள்ளுங்கள். வரும் வண்டிகளைப் பிரித்து, பெட்டிகளைக் கழற்றி, சரியான லைனில் திருப்பி விடுவது போல, உணவுச்சத்து, கழிவு, மருந்து எல்லாவற்றையும் பிரித்து அனுப்புவது கல்லீரல். ஆல்புமினையும் ரத்தம் உறைவதற்கான புரதங்களையும் தயாரிப்பதும் அதுவே.

கடுமையான தீக்காயத்தில் இந்த யார்டுக்குப் பல பக்கமும் அடி விழுகிறது. முதல் ஓரிரு நாளில் ரத்த ஓட்டம் குறைவதால் பிராணவாயு போதாமல் செல்கள் பாதிக்கப்படலாம். அதன் பிறகு உடல் உலைபோல் எரிகிறது. இதயம் வேகமாக அடிக்க, தசையும் கொழுப்பும் கரைகின்றன. கரைந்த கொழுப்பு கல்லீரலில் வந்து படிந்து அது வீங்கக்கூடும். காயத்தில் கிருமி புகுந்து ரத்தத்தில் கலந்தால் அதனாலும் காமாலை வரலாம். இவற்றோடு நாம் கொடுக்கும் மருந்துகளின் சுமையும் சேருகிறது.

ரயில்வேக்காரன் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். நம் மின்பாதையில் ஓடுவது 25,000 வோல்ட். இந்த மாதிரி உயர் அழுத்த மின்சாரம் தாக்கினால் உள்ளே தசை வெந்துவிடுகிறது. எஸ்.ஜி.ஓ.டி. என்ற அளவு ரத்தப் பரிசோதனையில் ஏறியிருந்தால், அது கல்லீரலிலிருந்தும் வந்திருக்கலாம், தசையிலிருந்தும் வந்திருக்கலாம். அதனால்தான் டாக்டர்கள் எஸ்.ஜி.பி.டி., பிலிருபின், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், ரத்தம் உறையும் நேரம், தசைக்கான சி.பி.கே. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு எண்ணைப் பார்த்து நாம் கலங்கவும் வேண்டாம், தைரியம் கொள்ளவும் வேண்டாம்.

ஏன் தூங்க வைக்கிறார்கள்?

புகையைச் சுவாசித்தவர்களுக்கும், முகமும் கழுத்தும் வீங்கியவர்களுக்கும் மூச்சுக்குழாயில் டியூப் போட்டு வென்டிலேட்டர் வைக்க நேரிடும். டியூப் இருக்கும்போது முழு விழிப்போடு இருப்பது பெரும் அவஸ்தை. அடிக்கடி செய்யும் டிரெஸ்ஸிங்கின் வலியோ சொல்லி மாளாது. ஆகவே வலிக்கு ஒரு மருந்து, அமைதிப்படுத்த ஒரு மருந்து என்று ஊசிப் பம்பில் ஏற்றுகிறார்கள்.

இந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல்தான். யார்டுக்கு மணிக்குப் பத்து வண்டி வந்து, பத்தும் வெளியேறினால் நெரிசல் இல்லை. வெளியேறுவது நாலாகக் குறைந்தால் வண்டிகள் சேர்ந்துகொண்டே போகும். வருவதை நிறுத்திய பிறகும் யார்டு காலியாக வெகு நேரம் பிடிக்கும். மருந்தை நிறுத்தி ஒரு நாள், இரண்டு நாள் ஆகியும் நோயாளி கண் திறக்காததற்கு இது ஒரு காரணம்.

மருந்துக்கு மருந்து வித்தியாசம் உண்டு. மிடசோலம் கல்லீரலில் உடைந்து, உறக்கம் தரும் இன்னொரு பொருளாக மாறிச் சிறுநீரகம் வழியே போகிறது. கல்லீரல், சிறுநீரகம் இரண்டில் எது மந்தமானாலும் அது தேங்கும். லோரசிபாம் சற்று எளிய வழியில் மாறுகிறது. ஆனால் நாள்கணக்கில் அதிகம் ஏற்றினால் அதைக் கரைத்திருக்கும் திரவமே தொல்லை தரும். பாலைப் போல் வெள்ளையாக இருக்கும் புரோபபோல் சீக்கிரம் தெளியும். அது கொழுப்பில் கலந்த மருந்து என்பதால் ரத்தக் கொழுப்பைக் கவனிக்க வேண்டும். டெக்ஸ்மெடிடோமிடின் கொடுத்தால் தட்டி எழுப்ப முடியும். நாடித்துடிப்பு குறையலாம், கல்லீரல் பழுதுபட்டால் அளவைக் குறைக்க வேண்டும்.

தீக்காயப் பிரிவுகளில் நெடுங்காலமாகப் புழங்கும் மருந்து கெட்டமின். வலியைப் போக்கும், மூச்சை அவ்வளவாக அடக்காது, ரத்த அழுத்தத்தையும் தாங்கிப் பிடிக்கும். டிரெஸ்ஸிங் நேரத்தில் சிறிதளவு கொடுப்பது பற்றிக் கவலை இல்லை. ஆனால் அதிக அளவில் பல நாள் தொடர்ந்து ஏற்றும்போது பித்த நாளங்கள் பாதிக்கப்படுவதாகத் தெரியவந்தது. பிரான்ஸ் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017-இல் இதுபற்றி மருத்துவர்களை எச்சரித்தது. கடுமையான தீக்காய நோயாளிகளுக்கு கெட்டமினைக் குறைத்ததும் பித்தத் தேக்கம் குறைந்து, நோயாளிகளின் நிலையும் மேம்பட்டது என்று பாரிஸ் மருத்துவர்களின் ஆய்வு 2024-இல் வெளிவந்தது. கெட்டமினைக் குறைத்ததும் நிலை மேம்பட்டதும் சேர்ந்து நடந்தன என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டுகிறது; அதுவே காரணம் என்ற முடிவான நிரூபணமாக அதைக் கொள்ளக் கூடாது. அதற்காக மருந்தையே வேண்டாம் என்று நாம் சண்டை போடுவது தவறு. தாங்க முடியாத வலியும் உடலைக் கெடுக்கும்.

இன்னொரு விந்தையும் உண்டு. முதல் இரண்டு நாள் மந்தமாக இருந்த ரத்த ஓட்டம் பிறகு மிக வேகமாகிறது. அப்போது சில மருந்துகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வெளியேறும்; அளவைக் கூட்ட வேண்டி வரும். ஆகவே நேற்று ஒரு அளவு, இன்று ஒரு அளவு என்றால் டாக்டர் குழம்புகிறார் என்று எண்ண வேண்டாம். கூடியவரை லேசான உறக்கத்தில் வைப்பதையே 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் விரும்புகிறது.

நாம் செய்யக் கூடியவை

முதலாவதாக, உண்மையைச் சொல்லுங்கள். முன்பு காமாலை வந்ததா, ஹெபடைட்டிஸ் உண்டா, டி.பி. அல்லது வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறாரா, தினம் தூக்க மாத்திரை போடுகிறாரா, நாட்டு மருந்து ஏதாவது உண்டா என்பதெல்லாம் டாக்டருக்குத் தெரிய வேண்டும். சில வலிப்பு மாத்திரைகளும் டி.பி.க்கான ரிபாம்பிசினும் மிடசோலத்தைச் சீக்கிரம் கரைத்துவிடும். குடிப்பழக்கத்தைச் சொல்ல வீட்டில் கூச்சப்படுவார்கள். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு, மூன்றாம் நாளில் பிதற்றலும் நடுக்கமும் வரும். அதை டாக்டர் வேறு எதுவோ என்று நினைக்க நேரிடும். பெண்கள் முன்னால் சொல்லத் தயங்கினால் தனியாகவாவது சொல்லிவிடுங்கள்.

இரண்டாவதாக, தினம் ஒருமுறை பணிவாகக் கேளுங்கள்: இன்று எந்தத் தூக்க மருந்து? அளவைக் குறைத்துப் பார்க்க முடியுமா? கல்லீரல் பரிசோதனை நேற்றைவிட எப்படி? வெளியே வாங்கிய பாரசிட்டமால் மாத்திரையை நாமாகக் கொடுக்கவே கூடாது. வேறு பெயரில் அதே மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கலாம்.

மூன்றாவதாக, தெளியும் நேரத்தில் நோயாளிக்கு இடமும் நாளும் புரியாது. சுற்றிலும் வேற்று மொழி கேட்டால் குழப்பம் கூடும். அனுமதி கிடைக்கும்போது அருகில் நின்று தமிழில் பேசுங்கள். இன்று என்ன கிழமை, எந்த ஆஸ்பத்திரி, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொல்லுங்கள். கண்ணாடியும் காது கருவியும் வைத்திருப்பவரானால் கொண்டுபோய்க் கொடுங்கள். ஊரை விட்டு வந்து வாழும் நம்மவர்களுக்கு இதுவும் ஒரு வைத்தியம்தான்.

கடைசியாக, இதெல்லாம் தேவைப்படாமல் இருக்க: காயம் பட்டவுடன் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், இங்க், பற்பசை, மஞ்சள், தோசை மாவு எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அருகில் தீக்காயப் பிரிவு உள்ள மருத்துவமனை எது என்பதை இன்றே விசாரித்து, தொலைபேசி எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள்.