பிரிட்டனியின் உப்பு வெண்ணெய்

பாரீஸிலிருந்து புறப்பட்டுப் பிரான்ஸின் வடமேற்குக் கோடியான பிரிட்டனிப் பிரதேசத்தை அடைகிற அந்நிய யாத்திரிகர், காலை ஆகாரத்தில் ரொட்டியின்மேல் தடவும் வெண்ணெயிலேயே தேசத்தின் வித்தியாசங்களை உணர்ந்துவிடலாம். பாரீஸில் பெரும்பாலும் உப்பில்லாத வெண்ணெய். இங்கேயோ, உப்புக்கல் பல்லில் நறநறவென்று நெரிபடும் வெண்ணெய்.

இதற்குக் காரணம் ருசி மாத்திரமன்று, சரித்திரமும்தான். மன்னராட்சிக் காலத்தில் ‘கபெல்’ என்னும் கொடிய உப்பு வரி தேசத்தின் பெரும்பகுதி ஜனங்களைக் கசக்கிப் பிழிந்தபோது, 1532-இல் பிரான்ஸுடன் இணைந்த பிரிட்டனி, தன் பூர்வ உரிமைகளைக் காத்துக்கொண்டு அவ்வரியினின்றும் விலக்குப் பெற்றிருந்தது. புகழ்பெற்ற கெராந்த் உப்பளங்களும் அன்றைய பிரிட்டனிக்குள்ளேயே அமைந்திருந்தபடியால், சாமானியக் குடியானவனும் தாராளமாக உப்பிட்டு வெண்ணெயை நெடுநாள் கெடாமல் வைத்திருந்தான். எத்தனையோ மாகாணத்தாருக்குக் கிட்டாத பாக்கியம் அது!

1790-இல் புரட்சி அரசாங்கம் அவ்வரியை ஒழித்தது, பழக்கமோ ஒழியவில்லை. தெற்கே புரோவான்ஸில் ஆலிவ் எண்ணெயும், தென்மேற்கில் வாத்துக் கொழுப்பும் சமையலை ஆளுகின்றன. பிரிட்டனியிலோ, ‘குயின் அமான்’ என்ற இனிப்புப் பணியாரத்தைக்கூடச் சர்க்கரையோடு உப்பு வெண்ணெயை அடுக்கடுக்காக வைத்து மடித்தே சுடுகிறார்கள்.