துப்பாக்கியின் தோல் உறை எப்படி இயங்குகிறது?

துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொள்ள உதவும் தோல் உறைக்கு ஹோல்ஸ்டர் என்று பெயர். செருப்பைப் போல இதற்கும் நிறைய எண்ணெய் தடவிக் குழைவாக வைக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடவே கூடாது. விறைப்பாக இருந்தால்தான் உறை வேலை செய்யும்.

மாட்டுத்தோலின் முக்கியப் பொருள் கொலாஜன் என்ற புரத நார்கள்தான். முதலில் தோலை மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிடுகிறார்கள். பட்டையின் துவர்ப்புப் பொருளான டானின் நார்களைப் பற்றிக்கொள்கிறது. அதனால் தோல் அழுகாது. நம் ஊர்த் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டை செய்துவந்ததும் இதே வேலைதான். பிறகு, சுமார் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள தோலைத் தைத்து, நனைத்து, துப்பாக்கி வடிவ அச்சை உள்ளே செருகி அழுத்துகிறார்கள். அந்த வடிவத்திலேயே தோல் காய்ந்து இறுகுகிறது.

அப்பளத்தை நினைத்துப் பாருங்கள். ஈரமாவு இழுத்த இழுப்புக்கு வரும், காய்ந்தால் விறைக்கும், ஈரக்காற்று பட்டால் நமத்துப்போகும். உறையும் அப்படியே மழையிலும் வியர்வையிலும் நமத்துப்போகும். எண்ணெய் அதிகமானாலும் நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, தோல் தொய்யும். அதற்காக எண்ணெய்ப் பசையே இல்லாமல் வறளவிட்டால் மடிப்புகளில் வெடிப்பு விழும்.

சுத்தம் செய்யும்போது முதலில் துப்பாக்கியை வெளியே எடுத்து, தோட்டாக்களை நீக்கிவிடுங்கள். பிறகு உறையின் தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, ஈரம் தொட்ட துணியால் துடையுங்கள். நனைந்த உறையை நிழலில் காற்றாட வையுங்கள். அப்பளத்துக்கு வெயில் நல்லது, தோலுக்கு ஆகாது. ஈரத்தோல் சூடுபட்டால் சுருங்கிவிடும், ஹேர் டிரையரும் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பின், மெழுகு கலந்த லெதர் கிரீமை விரல்நுனியில் எடுத்து வெளிப்பக்கம் மட்டும் மெல்லிசாகப் பூசுங்கள்.

துப்பாக்கியை உறைக்குள்ளேயே விட்டு மாதக்கணக்கில் பூட்டிவைக்காதீர்கள். தோல் உறிஞ்சிய ஈரத்தால் இரும்பு துருப்பிடிக்கும், பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏறும். உறையைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் பூஞ்சை பூக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் உறையின் வாய். விளிம்பு தொய்ந்து உள்ளே மடிந்து விசையில் சிக்கினால், துப்பாக்கியைச் செருகும்போதே வெடித்துவிடக்கூடும். அப்படி விபத்துகள் நடந்திருக்கின்றன. அதனால் விளிம்பை அடிக்கடி விரலால் அமுக்கிப் பாருங்கள். தொளதொளவென்று மடிந்தால் எந்தக் கிரீமும் அதைச் சரிசெய்யாது, உறையை மாற்றிவிடுங்கள்.