நீர்த்தாரையும் காற்றும்
தெரணியகலை மலைகளிற் பெய்யும் மழை சீதாவாக்கை கங்கையை நிரப்புகின்றது. இத்தகைய மலைநீரைக் குழாய்வழி இறக்கியே இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் பல, தம் தொழிற்சாலைப் பொறிகளை இயக்கின. அதற்கு உதவியது, அமெரிக்கரான பெல்ற்றன் 1880ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற சக்கரம்.

அது நீரில் மூழ்கிச் சுழல்வதன்று. இரும்புறைக்குள் காற்றிலே சுழல்வது. தாரை அதன் கிண்ணங்களில் மோதிச் சிதறும். சிதறிய நீர் மீண்டும் சக்கரத்தின்மீதே விழுமாயின் வேகம் தடைப்படும். ஓடை மெலியும் வறட்சிக் காலத்தில் இவ்விழப்புச் சிறிதன்று. ஆயின், மூடிய உறைக்குள் நிகழ்வதை யார் காண்பது?

கணினி காண்கின்றது. உறையின் உள்வெளியைச் சிறுசிறு அறைகளாக அது பகுக்கும். அறை முழுதும் நீராயின் ஒன்று, காற்றாயின் பூச்சியம், இடைப்பட்ட எண் உள்ள இடமே நீரின் மேற்பரப்பு. 1981இல் ஹேர்ட், நிக்கல்ஸ் இருவரும் வெளியிட்ட முறை இது. உறையை எங்கே அகட்டுவது என்பதை இரும்பை வெட்டுமுன்பே அறியலாம்.