சவலை நீங்க: தாய்ப்பாலும் தாய்க்குரிய துணையும்

யாப்பிலக்கணம் பயிலும் மாணவர் ‘சவலை வெண்பா’ என்னும் பெயரை அறிவர். இரண்டு குறள் வெண்பாக்கள் இணைந்து, இடையே வரவேண்டிய தனிச்சொல் வாராமல், நான்கடியாய் நிற்கும் பாடல் அது. உறுப்புக் குறைந்த ஒரு பாடலுக்கு இப்பெயரைத் தந்தது தமிழர் இல்லத்து வழக்கு. தாய்ப்பால் போதிய அளவு கிட்டாமல் மெலிந்த குழந்தையைச் ‘சவலைப் பிள்ளை’ என்பர். தாய் மீண்டும் கருவுற்றதால் மார்பிலிருந்து விலக்கப்பட்ட குழந்தையையும் அச்சொல் குறிக்கும். சவலைப் பிள்ளை பிறவியிலேயே குறையுடைய பிள்ளையன்று. தனக்கு உரியதைப் பெறாத பிள்ளை. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு, குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கு நாம் தரவேண்டிய துணை எது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு மருத்துவரும் இரு சொற்களும்

சவலை என்னும் கருத்து தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவின் பொற்கரை நாட்டில், அதாவது இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் பணியாற்றினார். வயிறு வீங்கி, தோல் உரிந்து, சோர்ந்து கிடந்த குழந்தைகளை ஆராய்ந்து 1933இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்நோய்க்கு அந்நாட்டுக் கா மொழி பேசும் தாய்மார் வழங்கிய ‘குவாஷியோர்கர்’ என்ற பெயரையே 1935இல் மருத்துவ உலகிற்கு அறிமுகப்படுத்தினார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலை இழந்த முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். கடல்களால் பிரிந்த இரு மக்கள் கூட்டத்தார் ஒரே துயரைக் கண்டு, அதற்கு ஒத்த பொருளுடைய சொற்களை ஆக்கி வைத்திருந்தனர்.

அதே மருத்துவர் 1936இல் மலாயாப் பகுதிக்கு மாற்றப்பட்டார். சிங்கப்பூரில் அவர் கண்ட கொடுமை வேறு வகையானது. இனிப்பூட்டிய டின் பால் குழந்தைக்கு ஏற்ற உணவென்று அக்காலத்தில் விளம்பரம் செய்யப்பட்டது. கொழுப்பு நீக்கிய பாலிற் செய்த அவ்வகை டின் பாலில் சர்க்கரை மிகுதி. குழந்தையின் கண்ணுக்கும் எலும்புக்கும் வேண்டிய ஏ, டி உயிர்ச்சத்துகள் இல்லை. தூய நீரும் கொதிக்க வைத்த புட்டியும் கிடைக்காத ஏழைக் குடிகளில் அப்பால் வயிற்றுப்போக்கையும் கொண்டுவந்தது. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு ‘பாலும் கொலையும்’ என்பதாகும். தவறான விளம்பரத்தால் குழந்தைகள் இறப்பது கொலைக்கு ஒப்பானது என்று அவர் வெளிப்படையாகக் கூறினார்.

பின்னர் ஜப்பானியர் ஆட்சியில் அவர் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். உணவு அருகிய அச்சிறையில் பிறந்த இருபது குழந்தைகளும் தாய்ப்பால் பருகின என்றும், இருபதும் பிழைத்தன என்றும் அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். வயிறார உண்ணாத தாய்க்கும் பால் சுரக்கும் என்பதற்கு இது சான்று. எனினும் தாய் பட்டினி கிடக்கலாம் என்பது இதன் பொருளாகாது. அச்சிறையிலும் தாயைச் சூழ்ந்து நின்று துணைபுரிந்த பிற பெண்கள் இருந்தனர் என்பதை மறத்தல் கூடாது.

ஆயாக் கொட்டகையிலிருந்து அடுக்குமாடி வரை

நம் மலேசியத் தமிழரின் வரலாற்றில் தாய்ப்பாலுக்கும் தாயின் உழைப்புக்கும் இடையே நெடுநாளைய இழுபறி உண்டு. ரப்பர் மரத்தின் பால் குளிர்ந்த வைகறையில்தான் நன்கு வடியும். ஆதலால் தோட்டத்துப் பெண் விடியுமுன் எழுந்து, உறங்கும் குழந்தையை ஆயாக் கொட்டகையில் ஒப்படைத்துவிட்டு நிரைக்குச் சென்றாள். மரத்தின் பாலைச் சேகரித்து நிறுத்து முடித்த பின்னரே தன் பாலைக் குழந்தைக்குத் தர அவளால் இயன்றது. இடைப்பட்ட நேரத்தில் மார்பு கட்டி வலித்தாலும் அவள் வேலையை விட்டு வர முடியாது. இருப்பினும் ஆயாக் கொட்டகை அருகிலேயே இருந்தது. குழந்தை பெற்ற அனுபவமுடைய பெண்கள் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தனர்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின் அக்குடும்பங்கள் பல கிள்ளான், காப்பார், ஷா ஆலாம் போன்ற இடங்களின் தொழிற்பேட்டைகளை நாடி வந்தன. வைகறை நிரைக்குப் பதிலாக இரவுப் பணிமுறை வந்தது. ஆயாக் கொட்டகை மறைந்தது. பாட்டியோ வேறோர் ஊரில் இருக்கிறார். அடுக்குமாடி வீட்டில் முதற்குழந்தையோடு தனித்திருக்கும் இளந்தாய்க்கு, நள்ளிரவில் குழந்தை வீறிட்டழும்போது ஒரு வார்த்தை சொல்ல எவருமில்லை.

எண்கள் உணர்த்துவது

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பாலூட்டத் தொடங்க வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே தரவேண்டும். பின்னர் ஏற்ற உணவுகளுடன் இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேலும் தொடர வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2006ஆம் ஆண்டு நம் நாட்டில் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, 94.7 விழுக்காட்டுக் குழந்தைகள் ஒருமுறையேனும் தாய்ப்பால் பருகியிருந்தன. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பாலை மட்டுமே பருகியவை 14.5 விழுக்காடுதான். 2016ஆம் ஆண்டு ஆய்வில் இது 47.1 விழுக்காடாக உயர்ந்தது.

இவ்வெண்களைக் கூர்ந்து நோக்குக. ஏறத்தாழ எல்லாத் தாய்மாரும் பாலூட்டத் தொடங்கினர். விருப்பமின்மை காரணமாயின் தொடக்கத்திலேயே எண்ணிக்கை குறைந்திருக்கும். தொடங்கியவர்களால் தொடர முடியவில்லை என்பதே உண்மை. ஆகவே தாய்மார்க்கு அறிவுரை கூறுவதோடு நம் கடமை முடிவதில்லை. அவர்களைத் தடுப்பது எது என்பதைக் காண வேண்டும்.

வீட்டினுள் உள்ள தடை

முதல் தடை ‘பால் போதவில்லை’ என்னும் அச்சம். பேற்றுக்குப் பின் முதல் சில நாள் சுரப்பது சீம்பால். மஞ்சள் நிறமும் தடிப்பும் கொண்ட அது மிகச் சிறிதளவே சுரக்கும். பிறந்த குழந்தையின் இரைப்பையும் மிகச் சிறியது. நோயெதிர்ப்புப் பொருள்கள் நிறைந்த அப்பாலைக் கெட்ட பால் என்றெண்ணிப் பீய்ச்சிவிடுவதும், சேனை வைத்தல் என்ற பெயரில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ குழந்தையின் நாவில் இடுவதும் நம்மிடையே இருந்த வழக்கங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தீங்கானது என மருத்துவம் இன்று தெளிவாகக் கூறுகிறது.

பால் சுரக்கும் முறை எளியது. குழந்தை சப்பும்போது புரோலாக்டின் என்னும் இயக்குநீர் பெருகிப் பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் என்னும் மற்றொன்று அப்பாலை வெளியே செலுத்துகிறது. எவ்வளவு பால் வெளியேறுகிறதோ அதற்கேற்பவே மீண்டும் சுரக்கும். போதவில்லை என அஞ்சிப் புட்டிப்பால் கொடுத்தால் குழந்தை மார்பில் சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் சுரப்பும் குறையும். இவ்வாறு அச்சமே தன்னை மெய்யாக்கிக் கொள்கிறது. வலியும் கவலையும் ஆக்சிடோசினின் வேலையைத் தடுக்கும். ஆகையால் தாய்க்குக் கூறும் ஆறுதல் வெறும் உபசாரமன்று. பால் இறங்குவதற்கு அது நேரே உதவுகிறது. முதல் வாரம் கழிந்த பின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் குழந்தை நன்றாகச் சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வருமாயின் பால் போதுகிறது என்று கொள்ளலாம்.

நம் பாட்டிமார் பத்தியத்தில் பூண்டும் சுறாப் புட்டும் சமைத்துத் தந்தனர். பாலைப் பெருக்குவது குழந்தை சப்புவதே என்றாலும், அப்பத்தியத்தில் ஒரு நுட்பம் உண்டு. புதுத்தாய் அடுப்படிக்குப் போகாமல் இருந்த இடத்தில் உண்டு ஓய்வெடுக்க அது வழிசெய்தது. இன்று அப்பணியைக் கணவர் ஏற்கலாம். சமைத்தல், துணி துவைத்தல், குழந்தைக்கு ஏப்பம் விடச் செய்தல் ஆகிய அனைத்தும் அவரால் இயல்பவையே.

பணியிடமும் சட்டமும்

இரண்டாவது தடை பணியிடத்தில் உள்ளது. 2023 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. தந்தையர்க்கு ஏழு நாள் விடுப்பையும் தந்தது. இது பெரும் முன்னேற்றம். ஆயினும் 98 நாள் என்பது பதினான்கு வாரம்; ஆறு மாதம் என்பது இருபத்தாறு வாரம். எஞ்சிய பன்னிரண்டு வாரத்தை எவ்வாறு கடப்பது?

பாலைப் பீய்ச்சிச் சேமிப்பதே வழி. அதற்கு வேண்டியவை மூன்று: தாழிடக்கூடிய தூய சிறு அறை, பணியிடையே சிறிது நேரம், ஒரு குளிர்ப்பதனப் பெட்டி. பீய்ச்சிய பால் 25 பாகைக்கு மேற்படாத அறையில் நான்கு மணி நேரமும், குளிர்ப்பதனப் பெட்டியில் நான்கு நாளும் கெடாதிருக்கும். நம் நாட்டு வெப்பத்தில் அதனை உடனே குளிரில் வைப்பதே நன்று. கழிவறை இதற்குரிய இடமன்று. எவரும் தம் உணவைக் கழிவறையில் ஆயத்தம் செய்ய ஒப்புவதில்லை.

மூன்றாவது தடை விளம்பரம். 1939இல் எழுந்த அக்குரல் உலக அரங்கை எட்ட நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மலேசியா 1979இலேயே குழந்தைப் பால்மாவு விற்பனைக்கு நன்னெறிக் கோவை ஒன்றை வகுத்தது. உலகச் சுகாதாரப் பேரவை 1981 மே மாதத்தில் அனைத்துலக நெறிமுறையை ஏற்றது. தாய்ப்பாலூட்டலுக்கான உலகக் கூட்டமைப்பு 1991இல் தோன்றிப் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்டது. ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் வாரத்தில் உலகெங்கும் கொண்டாடப்படும் தாய்ப்பால் வாரம் நம் நாட்டிலிருந்து இயங்கும் அவ்வமைப்பு 1992இல் தொடங்கியதாகும். 1993இல் தேசியத் தாய்ப்பால் கொள்கையும் உருவாயிற்று.

ஆசிரியரும் மாணவரும் ஆற்ற வேண்டியவை

பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலோ பண்டிகைக் காலத்தில் கைக்குழந்தையோடு வரும் தாய், குழந்தை பசித்தழுதால் எங்கே அமர்வாள்? பேரங்காடிகள் சிலவற்றில் பாலூட்டும் அறை உண்டு. கோயில் மண்டபத்திலும் திருமண மண்டபத்திலும் சமூக நிலையத்திலும் அத்தகைய ஓர் ஒதுக்கிடம் அமைக்கப் பெருஞ்செலவு ஆகாது. தமிழ்நாட்டு அரசு 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களிலேயே தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்தது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியருட் பெரும்பாலோர் பெண்கள். மகப்பேறு முடிந்து திரும்பும் ஆசிரியைக்குப் பள்ளியில் ஓர் அறையும் கால அட்டவணையில் ஓர் இடைவேளையும் ஒதுக்குவது சக ஆசிரியர் ஒருமித்தால் இயல்வதே. மாணவருக்கோ, உயிரியல் பாடத்தில் பாலூட்டி என்னும் சொல்லைக் கற்பிக்கும்போது சிரிப்புக்கும் கூச்சத்திற்கும் இடந்தராமல் விளக்குவது முதற்படி. நாளைய கணவரும் மேலாளரும் அவ்வகுப்பிலேயே அமர்ந்திருக்கின்றனர்.

மொழிக்கும் இதில் பங்குண்டு. தாய் சேய் நல நிலையத்துத் தாதி மலாயிலோ ஆங்கிலத்திலோ கூறுவதைக் கேட்டு வரும் இளந்தாய், அதனை வீட்டிலுள்ள மாமியாருக்குத் தமிழில் விளக்க வேண்டியவளாகிறாள். சீம்பால், பால் கட்டுதல், பால் இறங்குதல், பீய்ச்சுதல் ஆகிய நல்ல சொற்கள் நம்மிடம் உள்ளன. அவற்றைக் கூச்சமின்றி வழங்கினால் மருத்துவ அறிவு பாட்டியின் நாவிலும் நிலைபெறும்.

இறுதியாக ஒன்று. நோயினாலோ, உட்கொள்ளும் மருந்தினாலோ, வேறு காரணத்தினாலோ பாலூட்ட இயலாத தாய்மாரும் உளர். மருத்துவர் வழிகாட்டலுடன் அவர்கள் தரும் மாற்றுப்பால் அக்குழந்தையின் உயிர் காக்கும். அவர்களைக் குறைகூறுவது ஆதரவாகாது. இயலும் தாய்க்கு வழிவிடுவதும் இயலாத தாயை நோகடிக்காமையும் ஒரே அன்பின் இரு செயல்கள்.

சவலை வெண்பாவில் இல்லாதது ஒரே ஒரு தனிச்சொல். பாலூட்டும் தாய்மார் பலருக்கும் குறைவது அவ்வளவே: தக்க வேளையில் உடனிருப்பவர் கூறும் ஒரு சொல், அமர ஓரிடம், சிறிது நேரம். அவற்றைத் தருவது நம் கையில் உள்ளது.