ஆய்வாளர் வராத பாய்லர்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு நீராவி பழகிய பொருள். மூங்கில்துறைப்பட்டில் ஒன்று, கச்சிராயபாளையத்தில் ஒன்று என இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இங்கே இருக்கின்றன. அரவை தொடங்கிவிட்டால் கரும்புச் சக்கையை எரித்து, பாய்லரில் நீராவி எடுத்து, இரவு பகலாக ஓட்டுவார்கள். பாய்லர் மேடையில் நின்றவர்களும், ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக, டர்னராக இருந்தவர்களும், ஐடிஐயில் பாடம் எடுத்தவர்களும் ஓய்வுபெற்று வீடு திரும்புகிறார்கள். கையில் தொழில் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. அப்படி ஒருவர் தாழ்வாரத்தில் சின்ன லேத் ஒன்றைப் போட்டு, கட்டைவிரல் பருமன் பிஸ்டனும் முழங்கை நீளப் பாய்லருமாக மாதிரி நீராவி எந்திரம் செய்ய உட்கார்ந்தால், அது மூளைக்கும் கைக்கும் நல்ல வேலை.

இங்கிலாந்தில் இந்தப் பொழுதுபோக்குக்கென்று 1898இலேயே தனி இதழ் தொடங்கிவிட்டார்கள். நம் பக்கமும் இந்தக் கைவேலைக்குப் பஞ்சமில்லை. ஊட்டி மலை ரயிலுக்கான நீராவி இன்ஜின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனை இந்த நூற்றாண்டிலும் புதிதாகச் செய்து கொடுத்திருக்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு பாய்லரையும் சோதிக்க ஆள் உண்டு. இங்கிலாந்தின் மாதிரி எந்திரக் கழகங்களும் உறுப்பினரின் பாய்லரைச் சோதித்துச் சான்று தந்த பிறகுதான் பொது இடத்தில் ஓட்ட விடுகின்றன. நம் வீட்டுத் தாழ்வாரத்துக்கு அப்படி யாரும் வருவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

சட்டம் எங்கே நின்றுவிடுகிறது

1863இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்து உயிர்கள் போன பிறகுதான் இந்தியாவில் பாய்லருக்குச் சட்டம் வந்தது. மறு ஆண்டே அந்நகரில் ஆய்வு கட்டாயமானது. 1923இல் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வந்தது. அதன் இடத்தில் இப்போது 2025ஆம் ஆண்டின் கொதிகலன்கள் சட்டம் இருக்கிறது. ஆலை பாய்லர் என்றால் பதிவு, ஆண்டுதோறும் ஆய்வு, சான்றிதழ் பெற்ற அட்டெண்டன்ட் எல்லாம் வேண்டும்.

ஆனால் சட்டம் எல்லாப் பாய்லரையும் பாய்லர் என்று கணக்கில் எடுப்பதில்லை. கொள்ளளவு 25 லிட்டருக்குக் கீழே இருந்தால் விலக்கு. அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலும் விலக்கு. தண்ணீர் 100 டிகிரியைத் தொடாவிட்டாலும் விலக்கு. இவற்றில் ஒன்று பொருந்தினாலே போதும். வீட்டு மாதிரி எந்திரத்தின் பாய்லர் பெரும்பாலும் அரை லிட்டர், ஒரு லிட்டர்தான். எனவே பதிவு வேண்டாம், கட்டணம் இல்லை, ஆய்வாளரும் வரமாட்டார். வீட்டில் செய்து பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

விலக்கு ஆய்விலிருந்து மட்டும்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காயம் பட்டால், அண்டை வீட்டுக் கூரை எரிந்தால், 'என் பாய்லர் 25 லிட்டருக்குக் கீழே' என்ற வாதம் நிற்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 287ஆவது பிரிவு தீயைக் கவனக்குறைவாகக் கையாள்வதைக் குற்றமாக்குகிறது. எந்திரங்களைக் கவனக்குறைவாகக் கையாள்வதற்கு 289ஆவது பிரிவு இருக்கிறது. பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது 125ஆவது பிரிவில் வரும். பாதிக்கப்பட்டவர் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடும் கேட்கலாம். ஆலையில் பாய்லரைச் செய்தவர் ஒருவர், சோதித்தவர் ஒருவர், ஓட்டியவர் ஒருவர். வீட்டில் மூவரும் நீங்களே.

ஒரு லிட்டர் தண்ணீர் என்ன செய்யும்

ஆலையில் 20, 40 கிலோ அழுத்தத்தைப் பார்த்த கண்ணுக்கு 3 கிலோ விளையாட்டாகத் தெரியும். கணக்கைப் பாருங்கள். 3 கிலோ அழுத்தத்தில் பாய்லருக்குள் இருக்கும் தண்ணீரின் வெப்பம் ஏறக்குறைய 143 டிகிரி. பாய்லர் கிழிந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கும். 143 டிகிரித் தண்ணீர் தண்ணீராகவே இருக்க முடியாது. ஒரு லிட்டரில் சுமார் 80 மில்லி அந்த நொடியிலேயே நீராவியாகி, 130 லிட்டர் அளவுக்கு விரியும். மீதித் தண்ணீர் கொதிநிலையில் சிதறும். அதைத் தொடர்ந்து உலோகத் துண்டு பறக்கும். பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில் நெய்வேலி அனல் மின் நிலையத்தில் 2020 மே 7, ஜூலை 1 என இரண்டு மாதத்துக்குள் இருமுறை நடந்த பாய்லர் விபத்துகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பயிற்சி பெற்றவர்களும் விதிமுறைகளும் இருந்த இடத்திலேயே அது நடந்தது.

ஆகவே பாய்லரை எதில் செய்கிறோம் என்பதிலிருந்தே கவனம் தொடங்க வேண்டும். காயலான் கடையில் கிடைக்கும் பழைய தீயணைப்பு உருளை, ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் கூடு, பெயின்ட் டப்பா எதுவும் பாய்லர் ஆகாது. அதன் சுவர் உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. சமையல் குக்கரின் வெயிட்டை எடுத்துவிட்டுக் குழாய் செருகுவது எல்லாவற்றிலும் மோசம். அழுத்தத்தைக் கட்டுப்படுத்த வைத்த துளையை நாமே அடைத்துவிடுகிறோம். தையல் இல்லாத செம்புக் குழாயும், வெள்ளி கலந்த பற்றவைப்பும்தான் நம்பத்தக்கவை. ஈயப் பற்று வேண்டவே வேண்டாம். தகரமும் ஈயமும் கலந்த சாதாரண சால்டர் 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். தண்ணீர் வற்றிய பாய்லர் அந்த வெப்பத்தைச் சில நிமிடங்களில் எட்டிவிடும். வெள்ளிப் பற்றுக் கம்பி வாங்கும்போது கேட்மியம் கலக்காதது என்று கேட்டு வாங்குங்கள். கேட்மியம் புகை நுரையீரலைக் கெடுக்கும். ஆலையின் பழைய நீராவிக் குழாயிலிருந்து உரித்த வெப்பத் தடுப்புச் சுற்று வீட்டுக்கு வரவே கூடாது. அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்.

பற்றவைப்பு முடிந்ததும் தண்ணீர்ச் சோதனை. நெருப்பு மூட்டும் முன் இதைச் செய்யாமல் விட்டவர் பாய்லர் செய்து முடித்ததாகச் சொல்லக் கூடாது. பாய்லரைச் சாய்த்துப் பிடித்துக் குளிர்ந்த தண்ணீரை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். உள்ளே ஒரு குமிழிக் காற்றும் தங்கக் கூடாது. கைப்பம்பையும் பிரஷர் கேஜையும் மாட்டி, ஓட்ட நினைக்கும் அழுத்தத்தின் இரு மடங்கு வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். 3 கிலோவில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் 6 கிலோ. பம்பை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் முள்ளைப் பாருங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிவு. தட்டையான மூடி புடைத்துக்கொண்டு வந்தால் சுவர் போதவில்லை. இந்தச் சோதனையைக் காற்றடித்துச் செய்யக் கூடாது. தண்ணீர் அமுங்காது, அதனால் பற்று விட்டாலும் பீய்ச்சி நின்றுவிடும். அடைத்த காற்று பாய்லரைக் குண்டாக்கிவிடும்.

அடுத்தது சேஃப்டி வால்வு. நீராவி வெளியேறும் வால்வை மூடிவிட்டு, அடுப்பை முழு வேகத்தில் எரிய விடுங்கள். அப்போதும் சேஃப்டி வால்வு திறந்து, அழுத்தம் குறித்த அளவுக்கு மேல் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் நிற்க வேண்டும். அதற்கு மேல் முள் ஏறினால் வால்வு சிறியது, மாற்றுங்கள். ஸ்பிரிங்கை இறுக்கி 'இன்னும் ஒரு கிலோ' பார்க்கும் ஆசை பழைய கைகளுக்கே அதிகம் வரும். 2025 சட்டமும் ஆலைகளில் சேஃப்டி வால்வைக் கெடுப்பவருக்குச் சிறைத் தண்டனையை விட்டுவைத்திருக்கிறது. கேஜ் கிளாஸில் தண்ணீர் தெரியவில்லை என்றால் தீயை அணைப்பதுதான் முதல் வேலை. வற்றிச் சூடேறிய பாய்லருக்குள் தண்ணீர் பாய்ச்சாதீர்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்குப் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. முதலில் எந்திரத்தை மட்டும் செய்து, சிறிய ஏர் கம்ப்ரசரின் காற்றில் ஒரு கிலோ அழுத்தத்தில் ஓட்டிப் பாருங்கள். சிலிண்டர், வால்வு, சக்கரம் எல்லாம் சீராக வந்த பிறகு பாய்லருக்குப் போகலாம்.

எரிபொருள்: நம் மாவட்டத்தில் இரட்டிப்புக் கவனம்

வெளிநாட்டுக் கிட்டுகளில் பலவும் ஸ்பிரிட் விளக்கோடு வரும். இங்கே அதை அப்படியே பின்பற்ற முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. தமிழ்நாட்டில் மெத்தனாலும் டீநேச்சர்டு ஸ்பிரிட்டும் வைத்திருப்பது, விற்பது, கொண்டுசெல்வது ஆகியவற்றுக்கு 1959ஆம் ஆண்டிலிருந்தே தனி விதிகள் உண்டு. கருணாபுரத்துக்குப் பிறகு மதுவிலக்குச் சட்டத்தின் தண்டனைகளும் கடுமையாக்கப்பட்டன. 'எந்திரத்துக்குத்தான்' என்று சொல்லித் தெரிந்தவரிடமிருந்து பில் இல்லாமல் ஒரு கேன் வாங்கி வைப்பது உங்களை வழக்கில் மாட்டிவிடும். சந்தேகம் இருந்தால் ஆட்சியர் அலுவலகத்தின் ஆயத்தீர்வைப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, மெத்தனால் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றினால் கேன் வரை தீ பாயும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த ஸ்பிரிட்டை வீட்டில் ஒருவர் ஒரு வாய் குடித்தாலும் பார்வை போகலாம், உயிரும் போகலாம்.

எரிவாயு நல்ல மாற்று. ஆனால் சமையலுக்குத் தந்த வீட்டு உபயோகச் சிலிண்டரை வேறு வேலைக்குத் திருப்புவது 2000ஆம் ஆண்டு எரிவாயு ஆணைப்படி விதிமீறல். 5 கிலோ சிறு சிலிண்டரை அடையாள அட்டை காட்டி ஏஜென்சியிலேயே வாங்கலாம், முகவரிச் சான்று கேட்கமாட்டார்கள். வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். கோடையில் கல்வராயன் மலைச் சருகுக்கு ஒரு பொறி போதும்.

வாங்கும்போது உங்கள் உரிமைகள்

கிட், கேஜ், வால்வு, சிறு லேத் என்று பலவற்றை ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கும். பொருள் எந்த நாட்டில் தயாரானது, இறக்குமதி செய்தவர் யார், அதிகபட்ச விலை என்ன என்பதையெல்லாம் காட்டுவது விற்பவரின் கடமை. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி உங்கள் புகாரைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். '14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மை' என்று விற்றால் 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத நீராவிப் பொம்மையைப் பேரப்பிள்ளைக்கு வாங்காதீர்கள்.

தீர்வு கிடைக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் ஆகாவிட்டால் நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. 'இ-ஜாக்ரிதி' தளத்தின் வழியே வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். பழுதான வால்வால் காயம் பட்டிருந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயத்தின்படி தயாரித்தவரிடமும், சில சூழல்களில் விற்றவரிடமும் இழப்பீடு கேட்கலாம். பில், அட்டைப்பெட்டி, படங்கள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். உடைந்த வால்வைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்பினாலும் சுங்கவரி உண்டு. 2019 டிசம்பரிலிருந்து அன்பளிப்புக்கு வரிச் சலுகை கிடையாது. இதை வைத்தே ஓய்வூதியரைக் குறிவைக்கும் மோசடியும் நடக்கிறது. 'உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, உள்ளே சட்டவிரோதப் பொருள் இருக்கிறது, இந்தக் கணக்குக்குப் பணம் போடுங்கள்' என்று போன் வரும். சுங்கத் துறை தனியார் கணக்குக்குப் பணம் கேட்காது. வீடியோ காலில் யாரையும் 'கைது' செய்யவும் எந்தச் சட்டத்திலும் இடமில்லை. பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் கணக்கை முடக்கிப் பணத்தை மீட்கும் வாய்ப்பு அதிகம்.

காயம் பட்டால்

நீராவி பட்ட இடத்தில் உடனே ஓடும் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள். மை, மாவு, பற்பசை, ஐஸ் எதுவும் வேண்டாம். மோதிரம், கடிகாரத்தை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். முகம், கை, மூட்டு வெந்திருந்தால் 108. மலையில் இருப்பவர்கள் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மலைப்பாதை இறங்கி வர ஆகும் நேரத்தையும் கணக்கில் வைத்துத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் சூடே உறைக்காமல் போகலாம். மூடிய ஷூ போடாமல் பாய்லர் பக்கம் நிற்காதீர்கள். லேத்தில் நிற்கும்போது துண்டு, தொங்கும் வேட்டி, கையுறை மூன்றும் ஆகாது. கண்ணாடி அவசியம்.

தனியாக ஓட்டாதீர்கள். தெருவில் ஓய்வுபெற்ற பாய்லர் அட்டெண்டன்ட் ஒருவர் இருந்தால் அழைத்து வந்து தண்ணீர்ச் சோதனையைக் காட்டுங்கள். தேதி, அழுத்தம், நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆண்டுக்கொரு முறை சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். 25 லிட்டருக்குக் கீழே உள்ள பாய்லருக்கு அரசு தராத சான்றிதழ் அந்த நோட்டுதான். அது எழுதப்படாத பாய்லரின் அடியில் தீ வைக்காதீர்கள்.