கோழிக்கு நோய் வந்தால் விற்றுவிடலாமா?

மண்சரிவினால் இருந்த இடத்தை விட்டு வந்த குடும்பங்களுக்குப் பத்து முட்டைக் கோழிகள் என்பது சிறிய விடயமல்ல. பிள்ளைகளுக்கு முட்டை, கொப்பி பென்சில் வாங்கச் சில்லறைக் காசு எல்லாம் அதிலிருந்துதான். புதிய இடத்தில் நம்மில் பலர் முதலில் தொடங்கியது கோழி வளர்ப்பே.

ஒரு நாள் காலையில் ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. மறுநாள் மூன்று. "செத்துப்போவதற்கு முன் விற்றுவிடுவோம்" என்ற யோசனை உடனே வருகிறது. காசில்லாத வீட்டில் அப்படி நினைப்பது இயற்கைதான். ஆனால் அதனால் என்ன நடக்கும் என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இது என்ன நோய்?

கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் நோய்களில் முக்கியமானது ராணிக்கெட் நோய். இந்தியாவின் இமயமலைப் பக்கத்து ஊரான ராணிக்கெட்டில் 1927இல் காணப்பட்டதால் இந்தப் பெயர் வந்தது. 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இது காணப்பட்டது. அதனால் நியூகாசில் நோய் என்றும் சொல்வார்கள்.

இதற்குக் காரணம் ஒரு வைரஸ் கிருமி. பொதுவாக, தொற்றி ஐந்தாறு நாட்களில் நோய் வெளிப்படும். கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால், இறக்கை இழுத்துக்கொள்ளும். முட்டை திடீரெனக் குறையும், அல்லது தோல்முட்டையாக வரும்.

எப்படிப் பரவுகிறது?

எச்சம், சளி, மூச்சு ஆகியவற்றால் பரவும். செருப்பு, தீன் சாக்கு, முட்டைத் தட்டு ஆகியவற்றில் ஒட்டியும் போகும். நுவரெலியா, ஹட்டன் போன்ற குளிரும் ஈரமுமான இடங்களில் கிருமி அதிக நாள் உயிரோடிருக்கும். லயத்தில் கூடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. நாம் விற்கும் ஒரு கோழி கீழ் லயத்திலுள்ள எல்லாக் கூடுகளையும் காலியாக்கிவிடலாம். வாங்குபவரும் நம்மைப்போல் கஷ்டப்பட்டுத் தொடங்கியவர்தானே!

நோய் வந்துவிட்டால்

இதைக் குணமாக்க மருந்தில்லை. கடையில் வாங்கும் அன்ரிபயோட்டிக் வில்லைகள் வைரசைக் கொல்லாது. எனவே நாம் செய்ய வேண்டியவை:

1. அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள். பறவைக் காய்ச்சலுக்கும் இதே அறிகுறிகள் இருக்கலாம். அவர்கள் பார்த்துச் சொல்வதே நிச்சயம்.

2. கோழியையோ முட்டையையோ விற்காதீர்கள், பிறருக்குக் கொடுக்காதீர்கள்.

3. நோயுற்றதைத் தனியாக வையுங்கள். முதலில் நல்ல கோழிக்குத் தீன் போட்டு, கடைசியில் நோயுற்றதைக் கவனியுங்கள். பிறகு கை, கால், செருப்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் கை வைக்காதீர்கள். மனிதருக்கும் சில நாட்கள் கண் சிவந்து நோகலாம்.

4. செத்த கோழியை ஓடையில் எறியாதீர்கள். நாயோ கீரியோ தோண்டாதபடி ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். மலைச்சரிவில் மேலே புதைத்தால் அழுக்கு கீழேயுள்ள பீலித் தண்ணீரில் சேரும். இடத்தைப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள்.

5. கூட்டைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, வெயில் படவிடுங்கள். ஒரு மாதமாவது வெறுமையாக விடுவது நல்லது.

வருமுன் காப்போம்

தடுப்பு மருந்தே உண்மையான பாதுகாப்பு. பேராதனை கன்னொருவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் இதைத் தயாரிக்கிறது. குஞ்சுக்கு முதல் வாரத்திலேயே கண்ணில் சொட்டாக விடலாம். ஒரு தடவை போட்டால் போதாது. வைத்தியர் சொல்லும் நாட்களில் மீண்டும் போட வேண்டும். சுகமான கோழிக்கு மட்டுமே போட வேண்டும்.

மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவர வேண்டும். கரைத்தபின் ஓரிரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஒரு குப்பி பல கோழிகளுக்குப் போதும் என்பதால், லயத்திலுள்ள எல்லாரும் சேர்ந்து ஒரே நாளில் போடுவது சிக்கனம், பாதுகாப்பும் கூட. ஒரு வீடு தவறினாலும் நோய் அந்த வழியால் நுழையும்.

புதிதாக வாங்கும் கோழியை மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேருங்கள்.

நோயுற்ற கோழியை விற்காதவருக்கு அன்று நட்டம்தான். ஆனால் பக்கத்து வீட்டுக் கூட்டில் கோழி மிஞ்சினால், நாளை நமக்கும் ஒரு சோடிக் குஞ்சு கிடைக்கும்.