பால் இல்ல, நெய் இல்ல... ஆனா பாயாசம் உண்டு!

நவம்பர் 1-ம் தேதிக்கு என்ன விசேஷம்னு நாகர்கோவில் பக்கத்து ஆளுங்ககிட்ட கேட்டுப் பாருங்க. ''1956-ல எங்க மாவட்டம் தாய்த் தமிழகத்தோட சேர்ந்த நாள் பாஸ்!''னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டுச் சொல்வாங்க. அதே நவம்பர் 1-தான் 'உலக வீகன் தினம்'. இங்கிலாந்துல 1944-ல டொனால்ட் வாட்சனும் அவரோட நண்பர்களும் சேர்ந்து 'வீகன்'ங்கற சங்கத்தை ஆரம்பிச்சாங்க. அதோட ஐம்பதாவது வருஷத்தை ஒட்டி, 1994-ல இருந்து இந்த நாளைக் கொண்டாடறாங்க.

ரெண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. வெறும் தேதிப் பொருத்தம். ஆனா, நாஞ்சில் நாட்டு அடுக்களைக்குள்ள எட்டிப் பார்த்தீங்கன்னா... சம்பந்தம் இருக்கு ஃப்ரெண்ட்ஸ்!

வீகன்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக ஒரு வரி. கறி, மீன், முட்டையோட நிக்காம பால், தயிர், நெய், தேன் வரைக்கும் விலங்குகள்கிட்ட இருந்து வர்ற எதையும் தொடாதவங்க. உங்க கிளாஸ்லயும் ஒருத்தராவது இருப்பாங்க. சிலருக்கு மாடு, கன்னு மேல பரிவு. சிலருக்குச் சுற்றுச்சூழல் அக்கறை. இன்னும் சிலருக்குக் கொள்கை எல்லாம் கிடையாது, வயிறுதான் காரணம். பால் குடிச்சா அரை மணி நேரத்துல வயிறு கடமுடான்னு சத்தம் போடும். பால்ல இருக்கற லாக்டோஸ்ங்கற சர்க்கரையைச் செரிக்கற திறன், உலகத்துல வளர்ந்தவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேருக்குக் குறைஞ்சு போகுதுங்கறது ஆராய்ச்சிக் கணக்கு. ஸோ, அவங்களைக் கிண்டல் பண்ணாதீங்க. அடுத்தது நீங்களாவும் இருக்கலாம்!

சரி, இந்த மாதிரி ஒரு ஃப்ரெண்டுக்குப் பொறந்த நாள் வருது. கேக்ல முட்டை, ஐஸ்கிரீம்ல பால், மைசூர்பாகுல நெய். 'வீகன் டெஸர்ட்'னு தேடினா பாதாம் பால், சியா விதை, மேப்பிள் சிரப்னு நீளமா ஒரு லிஸ்ட் வரும். அதை வாங்கி முடிக்கறதுக்குள்ள இந்த மாச மெஸ் பில் கட்டற காசு காலி! ஆனா பாட்டி வீட்டு அடுக்களையில கருப்பட்டியும் தேங்காயும் பச்சரிசியும் சும்மாதான் உக்காந்திருக்கு.

பேரே தெரியாத வீகன்கள்!

முந்திரிக்கொத்து சாப்பிட்டிருக்கீங்களா? பேர்லதான் முந்திரி. உள்ளே தேடினா ஒரு முந்திரிப் பருப்பு கூடக் கிடைக்காது. வறுத்துப் பொடிச்ச சிறுபயறு, தேங்காய், எள்ளு, ஏலக்காய்... எல்லாத்தையும் வெல்லப் பாகுல பிசைஞ்சு, சின்னச் சின்னதா உருட்டி, அரிசி மாவுக் கரைசல்ல முக்கி, கொத்தா எண்ணெய்ல பொரிச்சு எடுக்கறாங்க. பால் இல்ல, நெய் இல்ல, முட்டை இல்ல. சுத்த வீகன்! நாலஞ்சு நாளானாலும் கெடாது. ஊருக்குப் போய்ட்டு வர்ற ரூம்மேட்டோட பைக்குள்ள இருந்து முதல்ல காணாமப் போறதும் இதுதான்.

திருக்கார்த்திகைக்குத் தெரளிக் கொழுக்கட்டை. ஆடிச் செவ்வாய்ல தாழக்குடி பக்கத்து ஔவையாரம்மன் கோயில்ல பெண்கள் கூடி அவிக்கற கொழுக்கட்டை. கல்யாணப் பந்தியில தேங்காய்ப் பால் விட்ட பிரதமன். வயசுக்கு வந்த பொண்ணுக்கு நல்லெண்ணெய் ஊத்திக் கிண்டற உளுந்தங்களி. ஒரு ஆச்சியும் இதையெல்லாம் 'வீகன்'னு சொன்னது கிடையாது. தென்னையும் பனையும் வாழையும் வளர்ற ஊர்ல கைக்கு எட்டினதை வெச்சுச் சமைச்சாங்க, அவ்ளோதான்.

அதுக்காக ஓவரா பெருமையடிக்க வேண்டாம். நம்ம ஊர்லயும் பால் பாயாசம் உண்டு. பிரதமன்ல கடைசியா நெய்யில வறுத்த முந்திரியைக் கொட்டற வழக்கமும் உண்டு. அதுக்கு ஒரு சுலபமான மாற்று இருக்கு. தேங்காயைப் பல்லுப் பல்லா கீறி, ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய்ல செவக்க வறுத்துப் போடுங்க. வாசனை வாசல் வரைக்கும் வரும்!

அப்புறம் தேன். மார்த்தாண்டம்னாலே தேன்தான். 1920-கள்ல அங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மையம் நடத்தின ஸ்பென்சர் ஹேட்ச், பெட்டியில தேனீ வளர்க்கறதை ஊர் மக்களுக்குப் பழக்கிக் கொடுத்தவர்கள்ல முக்கியமானவர். ஆனா, வீகன் கணக்குல தேன் சேராது. உங்க ஃப்ரெண்டுக்குச் செய்யும்போது ஞாபகம் வெச்சுக்கோங்க.

இனி களத்துல இறங்கலாமா?

1. அடுப்பே வேண்டாம்... அவல் நனைச்சது!

ஹாஸ்டல்வாசிகளுக்கு இதுதான் முதல் பாடம். தேவை: சிவப்பு அவல் ஒரு கப், தேங்காய்த் துருவல் அரை கப், ரெண்டு மூணு ஸ்பூன் கருப்பட்டி, மட்டிப்பழம் மூணு, ஒரு சிட்டிகை சுக்குப்பொடி.

கருப்பட்டியைக் கால் கப் சுடுதண்ணியில கரைச்சு வடிகட்டுங்க. (வடிகட்டாம விட்டீங்கன்னா பல்லுல மண்ணு கடிக்கும்!) தேங்காயை அதுல போட்டுக் கையால பிசைஞ்சு, அவலைச் சேர்த்துக் கிளறி, பத்து நிமிஷம் மூடி வைங்க. அவல் மெத்துனு ஆனதும் பழத்தை நறுக்கிப் போட்டுச் சுக்கைத் தூவினா... ரெண்டு பேருக்கு டிபனும் ஸ்வீட்டும் ஒண்ணா ரெடி.

மட்டிப்பழம்னா என்னன்னு கேக்கறீங்களா? விரல் நீளத்துக்குச் சின்னதா, மணக்க மணக்க இருக்கற குமரி மாவட்டத்து வாழைப்பழம். 2023-ல புவிசார் குறியீடு வாங்கின வி.ஐ.பி! வடசேரி சந்தைப் பக்கம் போனா சீப்பு சீப்பா வாங்கலாம். வேற ஊர்ல இருக்கீங்களா? கிடைக்கற நாட்டுப் பழத்தை வெச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

2. இலைக்குள்ள ஒரு வாசனை... தெரளி!

வறுத்த அரிசி மாவு ஒரு கப், மசிச்ச மட்டிப்பழம் மூணு, தேங்காய்த் துருவல் அரை கப், கால் கப் தண்ணியில கரைச்சு வடிகட்டின கருப்பட்டி அரை கப், கொஞ்சம் சுக்கு, ஏலக்காய். எல்லாத்தையும் சப்பாத்தி மாவைவிடத் தளர்வா பிசையுங்க. தண்ணியைக் கடகடன்னு ஊத்திடாதீங்க. பழமே பாதி ஈரத்தைக் கொடுத்துடும்.

தெரளி இலை கிடைச்சா, அதைக் கும்பா மாதிரி சுருட்டி, மாவை அடைச்சு, ஈர்க்கால குத்தி மூடி, இட்லிப் பானையில இருபது நிமிஷம் அவிச்சு எடுங்க. இது இலவங்கப்பட்டையோட சொந்தக்கார மரத்து இலை. ஆவியில வேகும்போது அந்த வாசனை மாவுக்குள்ள இறங்கும் பாருங்க... எந்த எசென்ஸும் கிட்ட நிக்க முடியாது! இலை கிடைக்கலையா? அதே மாவை வாழையிலையில தட்டி மடிச்சு அவிங்க. அது இலையடை.

3. ஒண்ணாம் பால், ரெண்டாம் பால்... சிறுபருப்புப் பாயாசம்!

அரை கப் சிறுபருப்பை வாசனை வர வறுத்து, குழைய வேக வைங்க. ஒரு தேங்காயைத் துருவி, கொஞ்சமா தண்ணி விட்டு அரைச்சுப் பிழிஞ்சா கெட்டியா வர்றது ஒண்ணாம் பால். அதைத் தனியா வெச்சுடுங்க. அதே சக்கையில ரெண்டு கப் தண்ணி விட்டு மறுபடி பிழிஞ்சா ரெண்டாம் பால்.

வெந்த பருப்புல 120 கிராம் கருப்பட்டியைக் கரைச்சு வடிகட்டி ஊத்தி, ரெண்டாம் பாலும் சேர்த்துக் கொதிக்க விடுங்க. கெட்டியானதும் அடுப்பைக் குறைச்சு, ஒண்ணாம் பாலை ஊத்தி, ஓரத்துல நுரை கட்டினதுமே இறக்கிடணும். கொதிக்க விட்டீங்கன்னா பால் திரிஞ்சு, எண்ணெய் தனியா மிதக்கும். முதல் தடவை நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான்! கடைசியா, எண்ணெய்ல வறுத்த தேங்காய்ப் பல்லு. அஞ்சு பேர் தாராளமா குடிக்கலாம். பழுத்த சக்கை (அதாங்க, பலாப்பழம்) சீசன்ல பருப்புக்குப் பதிலா வேக வெச்சு மசிச்ச சுளையைப் போட்டா, அதுவே சக்கைப் பிரதமன்.

4. கைக்கு எக்ஸர்சைஸ்... உளுந்தங்களி!

தோல் உளுந்து ஒரு கப், பச்சரிசி ரெண்டு ஸ்பூன். வறுத்து, பொடிச்சு, சலிச்சுக்கோங்க. ஒரு கப் கருப்பட்டியை மூணு கப் தண்ணியில காய்ச்சி, வடிகட்டி, ஆற வைங்க. அதுல மாவைக் கட்டியில்லாம கரைச்சு, அடுப்பைச் சின்னதா எரியவிட்டுக் கிண்ட ஆரம்பிங்க. நடுவுல மெசேஜ் பார்க்கப் போனீங்கன்னா அடிபிடிச்சிடும்! கால் கப் நல்லெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கிண்டி, ஈரக் கையால தொட்டா ஒட்டாத பதத்துல இறக்குங்க. இது பொண்ணுங்களுக்கு மட்டும்தான்னு எந்தச் சட்டமும் கிடையாது. பசங்களும் ஒரு உருண்டை எடுத்துக்கோங்க.

ஒரு நிமிஷம்... இது 'ஹெல்த்தி'தானா?

உண்மையைச் சொல்லிடறோம். வெள்ளைச் சர்க்கரையைக் கருப்பட்டியா மாத்திட்டா சர்க்கரைக் கணக்குல இருந்து தப்பிச்சுட்டோம்னு நினைக்காதீங்க. கருப்பட்டியிலயும் பெரும்பங்கு சர்க்கரைதான். தாது உப்புகள் கொஞ்சம் கூட இருக்கும், ருசி பல மடங்கு இருக்கும். ஒரு நாளைக்குச் சேர்க்கற சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, முடிஞ்சா 25 கிராமுக்குள்ள வெச்சுக்கறது நல்லதுங்கறது உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொன்ன கணக்கு. மேல சொன்ன பாயாசத்தை அஞ்சாப் பங்கு போட்டா ஆளுக்கு 24 கிராம் கருப்பட்டி. ஒரு டம்ளர்லயே அன்னிக்குக் கோட்டா கிட்டத்தட்ட காலி! அதனால பாயாசம் விசேஷத்துக்கு, அவல் நனைச்சது வாரத்துக்கு. பழம் நல்லாக் கனிஞ்சிருந்தா கருப்பட்டியைப் பாதியாக் குறைச்சுப் பாருங்க, வித்தியாசமே தெரியாது. வீட்ல சர்க்கரை நோய் இருக்கறவங்களுக்கு 'கருப்பட்டிதானே, ஒண்ணும் ஆகாது'னு ஊட்டி விடாதீங்க.

தேங்காய்ப் பாலும் மாட்டுப் பாலுக்கு நேர் மாற்று இல்ல. அதுல கொழுப்பு ஜாஸ்தி, கால்சியம் கம்மி. கால்சியத்துக்கு எள்ளையும் கேழ்வரகையும் பிடிங்க. 100 கிராம் கேழ்வரகுல சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு. கேழ்வரகுப் புட்டும் மட்டிப்பழமும் போதும், செம ஸ்வீட்! முழுநேர வீகனா மாறப் போறவங்க இன்னொண்ணையும் மறக்காதீங்க. வைட்டமின் பி12 செடி, கொடிகள்ல நம்பற அளவுக்குக் கிடைக்காது. டாக்டரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கணும்.

கருப்பட்டி எங்கே இருந்து வருது தெரியுமா?

மேல சொன்ன நாலுலயும் ஒரு பொருள் இல்லைன்னா ருசி போச்சு. கருப்பட்டி! பனையோட பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவின கலயத்தைக் கட்டி, சொட்டுச் சொட்டா இறங்கற பதநீரைச் சேகரிக்கணும். குமரிப் பக்கம் இதுக்கு 'அக்கானி'னு பேரு. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைன்னு மரத்துக்கு மரம் ஏறி இறங்கணும். அதைப் பெரிய பாத்திரத்துல மணிக்கணக்கா காய்ச்சி, பதம் பார்த்து, சிரட்டையில ஊத்தினாத்தான் ஒரு கருப்பட்டி. ஏறினவரோட உழைப்பு பாதின்னா, அடுப்படிப் புகையில நிக்கற அவர் வீட்டுப் பெண்களோட உழைப்பு மீதி.

கால் தவறினா உயிர் போகற தொழில். கிடைக்கற கூலியோ கம்மி. பனையேறிகளோட பிள்ளைங்க படிச்சு வேற வேலைக்குப் போறாங்க. அதைத் தப்புன்னு சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்ல. ஆனா ஏற ஆள் குறையக் குறைய, கருப்பட்டிங்கற பேர்ல சர்க்கரைப் பாகைக் கலந்து ஊத்தின சரக்கு சந்தைக்கு வருது. பனை 1978-ல இருந்து நம்ம மாநில மரம். அதை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம்னு 2021-ல அரசு அறிவிச்சது. ஆனா மரத்தை வெட்டாம விட்டா மட்டும் கருப்பட்டி வந்துடாதே? ஏறறவருக்குக் கட்டுப்படியாகற விலையும் கிடைக்கணும்.

அதனால வாங்கும்போது ஒண்ணை உடைச்சுப் பாருங்க. உள்ளே சீனி மாதிரி பளபளன்னு படிகம் மின்னினா சந்தேகப்படுங்க. மங்கலான பழுப்பா இருந்தா பரவாயில்ல. இது லேப் டெஸ்ட் கிடையாது, ஆச்சிகளோட அனுபவ டெஸ்ட். 'இவ்ளோ சீப்பா எப்படித் தர்றீங்க?'னு கடைக்காரர்கிட்ட ஒரு கேள்வியும் கேளுங்க. முடிஞ்சா காய்ச்சறவங்ககிட்டயே நேரா வாங்குங்க. கிலோவுக்குக் கூடுதலா கொடுக்கற காசு, நீங்க ஒரு கப் கோல்டு காபியைத் தியாகம் பண்ற காசுதான். அந்த மரத்துல அடுத்த வருஷமும் ஒருத்தர் ஏறுவாரா, மாட்டாராங்கறதுல அதுக்கும் ஒரு பங்கு இருக்கு.

கடைசியா ஒரு ஹோம்வொர்க்!

நாங்க இங்கே கப், ஸ்பூன்னு கணக்கு சொல்லிட்டோம். ஆனா உங்க வீட்டு ஆச்சிகிட்ட கேட்டா, ''ரெண்டு கை மாவு அள்ளிப் போடு மக்களே... கருப்பட்டி ஒரு முறி... தண்ணி கண்ணளவு''னுதான் பதில் வரும். அந்தக் கை அவங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. இந்த வாரம் ஊருக்குப் போறப்ப, அவங்க அள்ளிப் போடறதுக்கு முன்னாடி ஒரு கப்பை நடுவுல நீட்டி அளந்து எழுதிக்கோங்க. ரெண்டு திட்டு விழும், வாங்கிக்கோங்க!

வீட்ல யாராவது 'நெய் இல்லாம என்னடா பாயாசம்?'னு கேட்டா சண்டைக்கு நிக்காதீங்க. நெய் ஊத்தறதுக்கு முன்னாடி உங்க வீகன் ஃப்ரெண்டோட பங்கை ஒரு தூக்குல எடுத்து வெச்சுட்டா மேட்டர் ஓவர்.

அப்புறம், அடுத்த பர்த்டேக்கு மெழுகுவர்த்தியை எங்கே குத்தறதுன்னு மட்டும் யோசிச்சு வைங்க. உளுந்தங்களியில நல்லாவே நிக்கும்!